வெளிநாட்டில் சட்டப்படி திருமணம்: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்போருக்கான முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் நடக்கும் ஒரு திருமணத்தை மூன்று சட்டங்கள் பார்க்கின்றன. எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர்ச் சட்டம், திருமணம் எந்த முறையில் நடக்க வேண்டும் என்று சொல்லும். மணமக்களின் சொந்த நாட்டுச் சட்டம், அவர்களுக்குத் திருமணம் செய்துகொள்ளும் தகுதி உண்டா என்று கேட்கும். பிறகு எங்கே குடியிருக்கப் போகிறார்களோ அந்த நாட்டு அலுவலகம், கையில் இருக்கும் சான்றிதழை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும். இந்த மூன்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு விமான டிக்கெட் எடுப்பவர்கள்தான் பின்னால் அலைகிறார்கள்.

ஆகவே வேலையைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். இந்தச் சான்றிதழை எங்கே காட்டப் போகிறீர்கள்? ஜெர்மனியில் குடும்ப விசாவுக்கா, இந்தியப் பாஸ்போர்ட்டில் துணையின் பெயரைச் சேர்க்கவா, வெளிநாட்டுத் துணைக்கு ஓசிஐ அட்டை (இந்திய அரசு தரும் ‘வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்’ அட்டை) வாங்கவா? அந்த அலுவலகம் என்ன கேட்கும் என்று முதலில் பார்த்துவிட்டு, அதற்கேற்ற நாட்டையும் முறையையும் தேர்ந்தெடுங்கள்.

இந்த வழிகாட்டி இந்தியக் குடிமக்களுக்கானது. ஐரோப்பாவில் அகதித் தகுதி பெற்று வாழும் ஈழத் தமிழர்களுக்கு விதி வேறு. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவின்படி அவர்களது குடும்ப நிலையை ஆள்வது அவர்கள் வாழும் நாட்டின் சட்டம். சொந்த நாட்டுத் தூதரகத்தில் போய்ச் சான்றிதழ் கேட்பது அகதித் தகுதிக்கே சிக்கலாகலாம் என்பதால், அவர்கள் உள்ளூர் வழக்கறிஞரிடம் பேசிவிட்டு நகர்வது நல்லது.

படி 1: நீங்கள் ஏற்கெனவே திருமணமானவரா?

இதைக் கேலிக் கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டு மணமக்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

வழக்கமாக நடப்பதைப் பாருங்கள். பிப்ரவரியில் விடுமுறை கிடைக்கிறது. மதுரையில் தாலி கட்டி, விருந்து வைத்து, புகைப்படம் எடுத்தாகிவிட்டது. பதிவு செய்ய நேரமில்லை. ஜூலையில் டென்மார்க் போய் ‘சட்டப்படி’ திருமணம் செய்துகொள்ளலாம் என்று திட்டம். அங்கே படிவத்தில் ‘திருமணமாகாதவர்’ என்று கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து பொய்க் கையெழுத்து.

1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின்படி, இரண்டு இந்துக்களுக்கிடையே உரிய சடங்கோடு நடந்த திருமணம் அப்போதே சட்டப்படி முழுமையாகிறது. பதிவு அதற்கான ஆதாரம் மட்டுமே. தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி மேலே. 1967இல் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது. உறவினர், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்றுக்கொள்வதாக அறிவிப்பது, மாலை மாற்றிக்கொள்வது, மோதிரம் அணிவிப்பது, தாலி கட்டுவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஐயரும் வேண்டாம், அக்கினியும் வேண்டாம். எதிர்த்திசையில், சடங்கே நடக்காமல் பதிவுச் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது இந்துத் திருமணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘விசாவுக்காக இப்போது பதிவு மட்டும், கல்யாணம் அடுத்த வருடம்’ என்ற ஏற்பாடு அதோடு அடிபட்டுப் போகிறது.

மணமக்களில் ஒருவர் இந்து, மற்றவர் கிறிஸ்தவர் என்றால் கதை வேறு. இந்து திருமணச் சட்டம் இருவருமே இந்துக்களாக இருப்பதை எதிர்பார்க்கிறது. ஜெர்மானியக் கிறிஸ்தவப் பெண்ணுக்குத் திருச்செந்தூரில் தாலி கட்டினால் குடும்பத்துக்கு மகிழ்ச்சி, சட்டத்தின் முன் ஒன்றுமில்லை. அந்த இணையர் வெளிநாட்டில் ‘திருமணமாகாதவர்’ என்று சொல்வதில் தவறில்லை.

ஆக, இரண்டு பேரும் இந்துக்களாக இருந்தால் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். ஒன்று, தமிழ்நாட்டில் திருமணம் செய்து, 2009ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்து, அந்தச் சான்றிதழை வெளிநாட்டுக்குக் கொண்டுபோங்கள். 90 நாள் தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் உண்டு. இல்லையென்றால் வெளிநாட்டில் முதலில் சட்டப்படி முடித்துவிட்டு, ஊரில் நடப்பதை விருந்தாகவும் சடங்காகவும் வைத்துக்கொள்ளுங்கள். அதை இன்னொரு புதிய திருமணமாகப் பதிவு செய்யாதீர்கள். ஒரு திருமணத்துக்கு ஒரு தேதிதான் இருக்க வேண்டும். இரண்டு சான்றிதழில் இரண்டு தேதி இருக்கும் தம்பதியை எந்த விசா அதிகாரியும் நிம்மதியாக அனுப்பமாட்டார்.

என்னைக் கேட்டால், இருவரும் இந்தியர், இருவரும் ஒரே மதம், ஊருக்கு வந்துபோக வசதியும் உண்டு என்றால் வெளிநாட்டில் திருமணம் செய்யும் யோசனையையே விட்டுவிடலாம். சார்பதிவாளர் அலுவலகம்தான் இருப்பதிலேயே குறுக்கு வழி. மற்றவர்கள் மேலே படிக்கலாம்.

படி 2: தகுதி

இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டில் இந்தியச் சட்டப்படி திருமணம் செய்துகொள்ள 1969ஆம் ஆண்டு வெளிநாட்டுத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதன் 4ஆவது பிரிவு கேட்பவை: இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்; யாருக்கும் உயிரோடுள்ள கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது; மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; விலக்கப்பட்ட உறவுமுறை கூடாது; மனநலன் சார்ந்த தகுதியும் உண்டு.

வயதில் ஒரு நுணுக்கம். ஜெர்மனியில் 18 வயதானால் போதும் என்று படித்துவிட்டு 20 வயது இந்திய இளைஞர் அங்கே போய் நின்றால் வேலைக்காகாது. தகுதியை அவரவர் நாட்டுச் சட்டப்படி பார்க்க வேண்டும் என்பது ஜெர்மன் சட்டமே சொல்லும் விதி. அதன்படி அவருக்கு 21 ஆக வேண்டும்.

உறவுமுறைக்கு வருவோம். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டிக்கொள்வது நம் ஊரில் புதிதல்ல. வழக்காறு அனுமதித்தால் இந்தியச் சட்டமும் விட்டுக்கொடுக்கிறது. வெளிநாட்டுத் திருமணச் சட்டத்திலும் அந்த விதிவிலக்கு உண்டு. ஆனால் இங்கிலாந்தில் தாய்மாமன் அக்கா மகளை மணக்க முடியாது. மாமன் மகன், அத்தை மகள் மணக்கலாம். அமெரிக்காவில் பல மாநிலங்கள் மாமன் மகன், அத்தை மகள் திருமணத்தையும் தடுக்கின்றன. ஜெர்மன் சட்டம் நேர்வழி உறவையும் உடன்பிறப்பையும் மட்டுமே விலக்குகிறது. சொந்தத்தில் கட்டுபவர்கள் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் இந்த ஒரு விதியையாவது பார்த்துவிட வேண்டும்.

மணமுறிவு ஆனவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். இந்திய நீதிமன்றத் தீர்ப்பாக இருந்தால், மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை மறுமணம் செய்யக் கூடாது என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 15ஆவது பிரிவு. அந்தக் காலம் 90 நாள். வெளிநாட்டு நீதிமன்றத் தீர்ப்பாக இருந்தால் விஷயம் இன்னும் கூர்மையானது. நரசிம்ம ராவ் – வெங்கடலட்சுமி வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிப்படி, தம்பதி எந்தச் சட்டத்தின் கீழ் மணந்தார்களோ அந்தச் சட்டம் ஏற்கும் காரணத்தின் மேல், அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றம் தந்த தீர்ப்பே பொதுவாக இந்தியாவில் செல்லும். மறுதரப்பு மனமுவந்து வந்து கலந்துகொண்டிருந்தாலோ ஒப்புக்கொண்டிருந்தாலோ விலக்கு உண்டு. அமெரிக்காவில் ஒருதலையாக வாங்கிய மணமுறிவை நம்பி மறுமணம் செய்பவர், இந்தியச் சட்டத்தின் கண்ணில் இன்னும் முதல் திருமணத்திலேயே இருக்கலாம். பணம் செலவழித்து வழக்கறிஞரைப் பார்க்க வேண்டிய கட்டம் இது.

ஒருபாலினத் திருமணத்தை டென்மார்க் 2012 முதலும் ஜெர்மனி 2017 முதலும் நடத்துகின்றன. இந்தியாவில் அதற்குச் சட்ட ஏற்பு இல்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை நாடாளுமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டது.

படி 3: தூதரகமா, உள்ளூர்ப் பதிவகமா?

தூதரக வழி காகிதத்தில் அழகாக இருக்கும். இருவரில் ஒருவராவது அந்தத் தூதரக எல்லைக்குள் 30 நாள் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். பிறகு திருமண அலுவலரிடம் எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும். அந்த அறிவிப்பு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும்; இந்தியாவிலும் மணமக்கள் வழக்கமாக வசிக்கும் நாட்டிலும் வெளியிடப்படும். 30 நாட்களுக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபணை இல்லையென்றால், மூன்று சாட்சிகள் முன்னிலையில் உறுதிமொழி சொல்லித் திருமணம் முடியும். ஆறு மாதத்துக்குள் முடிக்கவில்லை என்றால் எல்லாம் முதலிலிருந்து.

சாதி மறுத்தோ மதம் கடந்தோ, குடும்பத்துக்குத் தெரியாமல் மணப்பவர்கள் அந்த வெளியீட்டு விதியை இன்னொருமுறை படிக்கவும். வெளிநாட்டில் இருந்தாலும் அறிவிப்பு ஊருக்குப் போய்ச் சேர வழி இருக்கிறது.

இன்னொரு சுவரும் உண்டு. உள்ளூர்ச் சட்டம் தடுக்கும் திருமணத்தைத் தூதரகம் நடத்த மறுக்கலாம். ஜெர்மனியில் இருவருமே ஜெர்மன் குடியுரிமை இல்லாதவர்கள் என்றால்தான், அவர்களில் ஒருவரின் அரசு முறைப்படி அதிகாரம் தந்த அலுவலர் முன்னிலையில் மணக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. மணமகனோ மணமகளோ ஜெர்மானியராக இருந்தால் தூதரகத் திருமணம் ஜெர்மனியின் பார்வையில் நடக்காத திருமணம். எல்லாத் தூதரகங்களும் இந்தச் சேவையை ஒரே மாதிரி நடத்துவதில்லை. நேரில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பெரும்பாலானோருக்குப் பொருந்துவது உள்ளூர்ச் சட்டப்படி மணப்பதுதான். வெளிநாட்டில் வேறு முறையில் நடந்த திருமணத்தின் செல்லுபடியை வெளிநாட்டுத் திருமணச் சட்டம் பாதிக்காது என்று அதன் 27ஆவது பிரிவே சொல்கிறது.

நம் ஆட்கள் அதிகம் இருக்கும் சில நாடுகளைப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் மணமக்கள் இருவருமே வெளிநாட்டினர் என்றால், ஒருவராவது அறிவிப்புத் தரும் நாளுக்கு முன் 15 நாள் தொடர்ந்து அங்கே இருந்திருக்க வேண்டும். அறிவிப்பு தந்து 21 நாள் கழித்தே திருமணம். இருவருமே வெளிநாட்டினர் என்றால் கட்டணம் 380 வெள்ளி. ஒருவர் குடிமகனோ நிரந்தரவாசியோ ஆனால் 42 வெள்ளி. வொர்க் பெர்மிட்டில் இருப்பவரும், முன்பு இருந்தவரும், சிங்கப்பூர்க் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ மணக்க மனிதவள அமைச்சின் முன் அனுமதி வாங்க வேண்டும். திருமணம் சிங்கப்பூருக்கு வெளியே நடந்தாலும் இந்த விதி விடாது. ஊரில் கட்டிக்கொண்டு திரும்பலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

இங்கிலாந்தில் குறைந்தது ஏழு நாள் அப்பகுதியில் வசித்தபின் பதிவகத்தில் அறிவிப்பு. பிறகு 28 நாள் காத்திருப்பு. குடியேற்றத் துறை விசாரிக்க விரும்பினால் அது 70 நாள் வரை நீளும். சாதாரணச் சுற்றுலா விசாவில் போய் அங்கே மணக்க முடியாது; அதற்கென்று தனி விசா உண்டு. 2023 பிப்ரவரி முதல் பெற்றோர் சம்மதம் இருந்தாலும் 18 வயதுக்குக் கீழே திருமணம் இல்லை.

வளைகுடாவில் அபுதாபி 2021இல் முஸ்லிம் அல்லாதோருக்கான குடிமைத் திருமணத்தைச் சட்டமாக்கியது. முன்பெல்லாம் தேவாலயத்தையோ தூதரகத்தையோ நம்பியிருந்த நம்மவர்களுக்கு அது பெரிய வசதி.

இனி ஜெர்மனி. இதற்கு நிறைய இடம் தருகிறேன், காரணம் இருக்கிறது.

ஜெர்மனியில் ஷ்டாண்டஸ்அம்ட் என்ற குடிமைப் பதிவகத்தில் நடப்பது மட்டுமே திருமணம். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலில் நூறு பேர் பார்க்கத் தாலி கட்டினாலும் ஜெர்மன் சட்டத்தில் அதற்கு எடை இல்லை. பதிவகம், வெளிநாட்டவரிடம் அவரது சொந்த நாடு தரும் ‘திருமணத் தகுதிச் சான்று’ கேட்கும். ஜெர்மனி எதிர்பார்க்கும் வடிவில் அப்படி ஒரு சான்றை இந்தியா தருவதில்லை. எனவே மண்டல உயர் நீதிமன்றத் தலைவரிடம் விலக்கு வாங்க வேண்டும். விலக்குக்கு ஆவணங்கள் உண்மையானவை என்று நிரூபிக்க வேண்டும். இங்கேதான் சிக்குகிறது. ஒரு நாட்டு ஆவணத்தை மற்ற நாடுகள் ஏற்பதற்காக ஒட்டும் முத்திரைக்கு அப்போஸ்டில் என்று பெயர். இந்தியா 2005இல் அந்த அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபித்தது. ஆகவே இந்திய அப்போஸ்டில் முத்திரையை ஜெர்மனி பொருட்படுத்துவதில்லை. அதற்குப் பதில், இந்தியாவிலுள்ள ஜெர்மன் தூதரகங்கள் தங்கள் நம்பிக்கைக்குரிய வழக்கறிஞர்களை வைத்து ஆவணத்தைச் சரிபார்க்கின்றன. அவர்கள் பிறப்புப் பதிவேட்டைத் திறந்து பார்க்கலாம். வீட்டுக்கு வந்து, அக்கம்பக்கத்தில் ‘இவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதா’ என்று கேட்கலாம். சரிபார்ப்புச் செலவு உங்களுடையது. மாதக்கணக்கில் ஆகும்.

ஊரில் இருக்கும் பெற்றோரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெண் வெளிநாட்டில் இருக்கும்போது யாரோ ஒருவர் வாசலில் வந்து அவள் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தால், ‘ஆமாம், ஆகிவிட்டது, மாப்பிள்ளை ஜெர்மனியில்’ என்று பெருமைக்குச் சொல்லிவிடும் சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்.

இந்தச் சுற்றைத் தவிர்க்கத்தான் ஜெர்மனியில் வாழும் பலர் எல்லை தாண்டி டென்மார்க் போகிறார்கள்.

படி 4: ஆவணங்கள், முக்கியமாகப் பெயர்

எந்த நாட்டுக்கும் அடிப்படை இவை: பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், திருமணமாகாதவர் சான்று, முன்பு மணமானவர் என்றால் மணமுறிவுத் தீர்ப்பு அல்லது துணையின் இறப்புச் சான்றிதழ்.

பிறப்புச் சான்றிதழில் நம்மவர் பலருக்குப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவு செய்ததன் விளைவு. பிறந்த ஊர் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி எதுவோ அங்கே பெயர் சேர்த்துப் புதிய சான்றிதழ் வாங்குங்கள். இதை முதல் வேலையாகச் செய்யுங்கள், மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

அடுத்தது தலைப்பெழுத்து, அதாவது இனிஷியல். செ. முத்துக்குமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் வெறும் முத்துக்குமார். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் முத்துக்குமார் செ. பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை விரித்து, செல்லமுத்து என்ற அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து முதல்பெயர்க் கட்டத்தில், குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக. நமக்கு மூன்றும் ஒரே ஆள். டேனிஷ் பதிவாளருக்கு மூன்று ஆட்கள். போதாக்குறைக்கு, அப்பாவின் பாஸ்போர்ட்டில் அவரது குடும்பப் பெயர் தாத்தா பெயராக இருக்கும். அப்பாவுக்கும் மகனுக்கும் ஏன் ஒரே குடும்பப் பெயர் இல்லை என்று கேள்வி வரும். திருமணப் பதிவேட்டில் ஏறுவது பாஸ்போர்ட் பெயர்; அதுவே பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை போகும். ஆகவே பாஸ்போர்ட்டில் திருத்த வேண்டியது ஏதும் இருந்தால் திருமணத்துக்கு முன்பே திருத்துங்கள். மற்ற ஆவணங்களில் உள்ள வேறுபாட்டுக்கு, எல்லாப் பெயர்களும் ஒரே நபரையே குறிக்கின்றன என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணமாகாதவர் சான்றிதழைத் தமிழ்நாட்டில் வருவாய்த் துறை தருகிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பின் வட்டாட்சியர் வழங்குவார். வெளிநாட்டிலேயே பல ஆண்டாக இருப்பவருக்கு அங்குள்ள இந்தியத் தூதரகம் உறுதிமொழியின் பேரில் அத்தகைய சான்று தருவது உண்டு. எதுவானாலும் பழைய தாளை நீட்டாதீர்கள். ‘இன்றுவரை திருமணம் ஆகவில்லை’ என்ற சான்று நாள்பட நாள்பட மதிப்பிழக்கும். மற்ற எல்லாம் தயாரான பிறகு கடைசியாக வாங்குங்கள்.

அப்போஸ்டில் என்பது, ஆவணத்தில் கையெழுத்திட்ட அதிகாரி உண்மையான அதிகாரிதான் என்று வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் சான்று. அதற்கு முன் தமிழ்நாட்டு அரசின் உள்துறைச் சான்றொப்பம் வேண்டியிருக்கும். அமைச்சகக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய். மீதியெல்லாம் முகவர் சேவைக் கட்டணம். ஆயிரக்கணக்கில் கேட்கும் தரகரிடம் போகும் முன் இந்த 50 ரூபாயை நினைவில் வையுங்கள். அப்போஸ்டில் ஆவணத்தின் உள்ளடக்கத்துக்கு உத்தரவாதம் அல்ல. எழுத்துப் பிழை இருந்தால், முத்திரையோடு கூடிய எழுத்துப் பிழை கிடைக்கும்.

தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலமும் இருப்பதால் பல நாடுகளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது. ஜெர்மன் அலுவலகங்களுக்கு மட்டும், அங்குள்ள நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும்.

படி 5: டென்மார்க்கில் மணப்பது

2019 ஜனவரிக்கு முன் ஒவ்வொரு டேனிஷ் நகராட்சியும் தானே காகிதம் பார்த்தது. இப்போது அந்நாட்டின் குடும்பச் சட்ட முகமைதான் வெளிநாட்டு இணையர்களை ஒரே இடத்தில் பரிசீலிக்கிறது. இணையவழி விண்ணப்பம், 2,000 குரோனரை ஒட்டிய கட்டணம், நிராகரித்தாலும் திரும்பாது. பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும், டென்மார்க்கில் சட்டப்படி தங்க உரிமை இருப்பதற்கான ஆதாரமும் வேண்டும். ஜெர்மன் வதிவு அட்டையோ, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவோ போதும். குடும்ப நிலையைக் காட்டும் ஜெர்மன் வசிப்பிடச் சான்றையும் கையில் வைத்திருங்கள்.

பிறகு, உறவு உண்மையானது என்பதற்கு ஆதாரம். விசாவுக்காகச் செய்யும் போலித் திருமணத்தைத் தடுக்கும் விதி இது. சேர்ந்து எடுத்த படங்கள், பயண டிக்கெட்டுகள், வாட்ஸ்அப் உரையாடல், ஒரே முகவரி வாடகை ஒப்பந்தம் போன்றவை. பெற்றோர் பார்த்து நிச்சயித்த இணையர் இரண்டு மூன்று முறைதான் நேரில் சந்தித்திருப்பார்கள். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். நிச்சயதார்த்தப் படங்கள், இரு குடும்பமும் சேர்ந்த படங்கள், தொலைபேசி அழைப்புப் பதிவு போதும். ஆனால் அனுப்பும் முன் ஒவ்வொரு படத்தையும் பாருங்கள். நிச்சயதார்த்தத்தில் மாலை மாற்றும் பழக்கம் இப்போது பரவிவிட்டது. மாலையும் மோதிரமும் மாற்றிக்கொள்ளும் படத்தை ‘திருமணமாகாதவர்’ என்ற விண்ணப்பத்தோடு இணைத்தால், படி 1இல் சொன்ன 7ஏ பிரிவு தெரிந்த ஒருவர் உங்களை மடக்கிவிடலாம்.

ஒப்புதல் கிடைத்ததும் தரப்படும் சான்று நான்கு மாதம் செல்லும். அதை வைத்து எந்த நகராட்சியிலும் நாள் குறிக்கலாம். எரோ என்ற சிறு தீவு இதற்கே பேர்போனது. கோபன்ஹேகனுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. நகராட்சி கேட்கும் கட்டணமும் முன்னதாக எப்போது வர வேண்டும் என்பதும் ஊருக்கு ஊர் வேறு. திருமணத்துக்கு முன் இருவரும் நேரில் வந்து மூல ஆவணங்களைக் காட்ட வேண்டும். இணையத்தில் ஏற்றிய நகலில் இருந்த அதே பாஸ்போர்ட், அதே விசா. இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் முன்பே தெரிவியுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். அழைத்துப் போக ஆள் இல்லையென்றால் நகராட்சி ஊழியர்களே வந்து நிற்பது வழக்கம். சடங்கு சில நிமிடத்தில் முடியும். ஆங்கிலமும் ஜெர்மனும் உட்பட ஐந்து மொழியில் அச்சிட்ட சான்றிதழ் கைக்கு வரும். கூடுதல் பிரதிகளை அங்கேயே வாங்கிவிடுங்கள். டேனிஷ் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலையும் வாங்குங்கள், இந்தியாவில் கேட்பார்கள்.

இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசாவில் வந்து, டென்மார்க்கில் மணந்து, அப்படியே ஜெர்மனியில் தங்கிவிடலாம் என்று ஒரு யோசனை நம் குழுக்களில் சுற்றுகிறது. பொதுவாக அது நடக்காது. திருமணம் செல்லும், தங்கும் உரிமை தானாக வராது; ஊருக்குத் திரும்பிக் குடும்ப விசா எடுத்து வரச் சொல்வதே வழக்கம். மணமகனுக்கு ஏற்கெனவே வதிவு உரிமை இருக்கிறது என்பதால் இதில் சலுகை கிடைக்கும் என்று நம்பி வேலையை ராஜினாமா செய்துவிட்டு விமானம் ஏறாதீர்கள்.

படி 6: திருமணத்துக்குப் பின்

முதலில் நீங்கள் வாழும் நகரத்துப் பதிவு அலுவலகத்தில் குடும்ப நிலையை மாற்றுங்கள். ஜெர்மனியில் வரி வகுப்பு அதையொட்டித்தான் மாறும்.

அடுத்து இந்தியத் தூதரகம். உள்ளூர்ச் சட்டப்படி நடந்த திருமணத்தை வெளிநாட்டுத் திருமணச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் பதிவு செய்யலாம். 4ஆவது பிரிவின் தகுதிகளும் மூன்று சாட்சிகளும் இங்கேயும் வேண்டும். பதிவு நாளிலிருந்து அது இந்தியச் சட்டத்தின் கீழ் நடந்த திருமணமாகவே கருதப்படும். கட்டாயம் இல்லை. ஆனால் கலப்பு மணத் தம்பதிக்கு இதை நான் வலியுறுத்திச் சொல்வேன். பிற்காலத்தில் இந்திய நீதிமன்றத்தில் ஜீவனாம்சமோ வேறு நிவாரணமோ கேட்க நேர்ந்தால், திருமணம் எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது என்ற கேள்விக்கு ஒரு தாளில் பதில் இருக்கும்.

வெளிநாட்டுத் துணைக்கு ஓசிஐ அட்டை வேண்டுமென்றால் தேதி இன்னும் முக்கியம். குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவுப்படி, பதிவு செய்யப்பட்ட திருமணம் விண்ணப்பத்துக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டு நீடித்திருக்க வேண்டும். பதிவைத் தள்ளிப்போட்டால் அட்டையும் தள்ளிப்போகும்.

பாஸ்போர்ட்டில் துணையின் பெயரைச் சேர்க்க மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பழைய புத்தகத்தில் எழுதித் தரமாட்டார்கள். அதில் விசா ஒட்டியிருந்தால் பழையதையும் பத்திரமாக வைத்திருங்கள். மனைவி தன் பெயரை மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. மாற்றினால் பட்டச் சான்றிதழ், வங்கி, பான், ஆதார் என்று எல்லாவற்றையும் துரத்த வேண்டும். பெயரை அப்படியே வைத்திருப்பவர்களுக்கு வேலை பாதி.

இந்தியாவில் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இருப்பவர்கள் வாரிசு நியமனத்தைப் புதிதாகத் தாக்கல் செய்யுங்கள். குடும்பம் இல்லாதபோது வேறொருவர் பெயரில் செய்த நியமனம், குடும்பம் அமைந்ததும் செல்லாமல் போய்விடும். உயில் எழுதி வைத்திருக்கும் கிறிஸ்தவர்கள் அதையும் எடுத்துப் பார்க்க வேண்டும். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 69ஆவது பிரிவின்படி திருமணம் பழைய உயிலை ரத்து செய்துவிடுகிறது, திருமணம் எந்த நாட்டில் நடந்திருந்தாலும்.